கம்பி அறுவதற்கு உடம்பு காரணமல்ல

கம்பி அறுந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்குப் போனால், சக்கரத்துக்கு முன்னால் ஆளைத்தான் அளவெடுக்கிறார்கள். என் எடை 106 கிலோ. கும்பகோணத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பள்ளிக்குப் போவது சைக்கிளில். விடுமுறை நாள் காலைகளில் சுவாமிமலை, கபிஸ்தலம் என்று காவிரிக் கரையோரச் சாலையில் போய்வருவதும் சைக்கிளில்தான். சர்க்கரை எல்லை தாண்டும் முன்பே உடம்பை அசைக்கச் சொன்னார் மருத்துவர். நடந்தால் முழங்கால் வலிக்கிறது, சைக்கிள் மிதித்தால் வலிப்பதில்லை. அதனால் இந்த வண்டி எனக்குப் பொழுதுபோக்கு என்பதைவிடக் கொஞ்சம் கூடுதலானது.

கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கிச் சில மாதங்களிலேயே பின் சக்கரத்தில் கம்பிகள் அறுபட ஆரம்பித்தன. வாங்கிய கடையில் ஒரு கம்பி மாற்றித் தருவார்கள், பத்து நாளில் பக்கத்துக் கம்பி போகும். கடைசியில் அங்கிருந்த இளைஞர் சொன்னது இது: "நீங்கள் உடம்பைக் குறைத்தால்தான் மேடம் இது நிற்கும்." அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அது தவறான பதில். உடம்பைக் குறைக்கத்தான் சைக்கிள், உடம்பைக் குறைத்த பிறகுதான் சைக்கிள் என்றால் என்னைப் போன்றவர்கள் எங்கிருந்து தொடங்குவது? கனமான எத்தனையோ பேர் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுச் சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் தள்ளியிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பாத்திரக்காரர்களின் சைக்கிளைப் பார்த்தவர்கள் இந்த வாதத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குடம், அண்டா, தவலை என்று கேரியரில் ஆளுயரம் அடுக்கிக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். பால்காரர் இரண்டு பக்கமும் கேன் தொங்கவிட்டுப் போவார். எரிவாயு உருளை நிரம்பிய நிலையில் ஒன்று ஏறக்குறைய 30 கிலோ. அதையும் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு, மிதிப்பவரின் எடையும் சேர, அந்தப் பழைய கறுப்புச் சைக்கிள்கள் பல்லாண்டுகள் ஓடியிருக்கின்றன. அவற்றின் பின் சக்கரம் என்னைவிடக் கூடுதலான சுமையைத் தாங்கியது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, அந்தச் சக்கரத்தில் இருந்த எது இந்தச் சக்கரத்தில் இல்லை என்பது.

முதல் வேறுபாடு எண்ணினாலே தெரியும். அந்தக் கறுப்புச் சைக்கிள்களில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. சுமை பின்னால் விழுகிறது என்பதை அறிந்து பிரித்த கணக்கு அது. இன்றைய கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் 32 அல்லது 36. சில அழகுக்காக 28-க்கும் இறங்கிவிடுகின்றன.

இரண்டாவது வேறுபாடு கொஞ்சம் உள்ளே இருக்கிறது. கியர் இல்லாத சைக்கிளில் வலப்பக்கம் ஒரே ஒரு பல்சக்கரம்தான். அதனால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் இரண்டு தட்டுகளும் (கம்பிகள் மாட்டும் விளிம்புகள்) வெளி வளையமான ரிம்முக்கு ஏறக்குறையச் சம தூரத்தில் நிற்கின்றன. இரு பக்கக் கம்பிகளும் ஏறக்குறைய ஒரே சாய்வில் இழுக்கின்றன. ஏழெட்டுப் பல்சக்கரங்களை வலப்பக்கம் அடுக்கினால் வலத் தட்டு உள்ளே தள்ளப்படுகிறது. ரிம் மட்டும் நடுவில்தான் நிற்க வேண்டும். விளைவாக, வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நின்று கடுமையாக இழுக்க, இடப்பக்கக் கம்பிகள் சாய்ந்து நின்று மெதுவாக இழுத்தாலே ரிம் நடுவில் நின்றுவிடுகிறது. வலப்பக்கம் 100 கிலோ இழுவிசை இருந்தால் இடப்பக்கம் 60-ஐ ஒட்டித்தான் இருக்கும். நன்றாகக் கட்டிய சக்கரத்திலேயே இந்த நிலை. இயந்திரம் அவசரமாக முடுக்கி அனுப்பிய சக்கரத்தில் வலமே 60 என்றால் இடப்பக்கத்தின் கதியை நினைத்துப் பாருங்கள்.

இப்போது என் எடைக்கு வருகிறேன். நான், சைக்கிள், விடைத்தாள் கட்டுகள் அடங்கிய பை எல்லாம் சேர்த்து 126 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது அதில் ஐந்தில் மூன்று பங்கு பின்னால் விழுகிறது என்று வைத்தால் 75 கிலோ. அது எல்லாக் கம்பிகளுக்கும் சமமாகப் பிரிவதில்லை. தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே உள்ள நான்கைந்து கம்பிகள் மட்டும் அந்தக் கணத்தில் தங்கள் இழுவிசையை இழக்கின்றன. மற்றவை ஏறக்குறைய மாறாமல் இருக்கின்றன. கம்பி என்பது இழுக்க மட்டுமே தெரிந்த பொருள், அதைத் தள்ள முடியாது. முன்கூட்டியே முறுக்கி வைத்த இழுவிசை குறைவதன் வழியாகத்தான் அது சுமையைத் தாங்குகிறது. ஒவ்வொரு கம்பியும் 20 கிலோ அளவுக்குத் தளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் 100 கிலோவில் நின்ற கம்பி 80-க்கு இறங்கித் திரும்ப ஏறும். அதற்கு ஒன்றும் ஆகாது. முதலில் 20 கிலோவிலேயே நின்ற கம்பி பூஜ்யத்துக்குப் போய்த் தொளதொளத்து, மறுபடி வெடுக்கென இழுபடும். பள்ளத்திலோ வேகத்தடையிலோ இறங்கும்போது இன்னும் மோசம்.

என் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 முறை சுற்றுகிறது. 20 கிலோமீட்டர் போனால் ஒவ்வொரு கம்பியும் 9,000 முறை தளர்ந்து இறுகுகிறது. மெல்லிய கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிவது எதனாலோ, அதே உலோகச் சோர்வுதான் இங்கும். அதனால்தான் கம்பி நடுவில் அறுவதில்லை. ஹப் தட்டுக்குள் நுழையும் இடத்தில், கொண்டைக்குக் கீழே வளைகிற கழுத்தில்தான் அறுகிறது. அறுந்த துண்டை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான். அதிக எடையால் அறுந்தது போலத் தோன்றும். உண்மையில் அது தளர்வால் அறுந்தது. இறுக்கமாகக் கட்டியிருந்தால் இதே எடையில் அறுந்திருக்காது. இதை நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற உறுதியோடு சொல்கிறேன்.

சந்தைப் பக்கம் நீண்ட காலமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் போனேன். எண்ணெய் படிந்த பலகை, சுவரில் வரிசையாகத் தொங்கும் பழைய ரிம்கள், வாடகைச் சைக்கிள் காலத்து எண்கள் இன்னும் அழியாத ஒரு கதவு. அவர் அறுந்த கம்பியை மாற்றி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக் கட்டைக்கு நேராகச் சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு பெண்டு எடுத்தார். சுற்றும்போது ரிம் எங்கே சுண்ணாம்பைத் தொடுகிறதோ அங்கே கோட்டம். எதிர்ப்பக்கக் கம்பியின் முனையில் திருகியிருக்கும் நிப்பிளைக் கால் சுற்று முடுக்கி, தொடும் பக்க நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துவார். பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு சுத்தமான கை.

"டீச்சர், பெண்டு எடுத்துவிட்டேன். நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது" என்றார்.

ஓடியது. ஆனால் கம்பிகளை விரலால் மீட்டிப் பார்த்தபோது ஒன்று 'டிங்' என்றது, அடுத்தது 'டொப்' என்றது. அதை அவரிடம் காட்டினேன். நேராக இருப்பதும் சமமாக இருப்பதும் இரண்டு வேறு காரியங்கள். வளைந்துபோன ரிம்மைக்கூட, ஒரு கம்பியை அளவு மீறி முறுக்கி, பக்கத்துக் கம்பியைத் தொங்கவிட்டு, நேராக ஓட வைத்துவிடலாம். கண்ணுக்கு அது நேரான சக்கரம். உள்ளே ஒரு கம்பி நான்கு கம்பிகளின் வேலையைச் செய்துகொண்டிருக்கும், இன்னொன்று ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து செத்துக்கொண்டிருக்கும். சில நாளில் கோட்டம் திரும்பிவிடும். தொடர்ந்து பெண்டு எடுத்தும் நிற்காத சக்கரங்கள் எல்லாவற்றிலும் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

பதினொன்றாம் வகுப்பில் சுரமானிச் சோதனை செய்தவர்களுக்கு இதன் கணக்கு நினைவிருக்கும். ஒரே நீளம், ஒரே தடிமன் உள்ள கம்பிகளில் இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். ஆகவே ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதியில் ஒலித்தால் அவற்றின் இழுவிசையும் ஒன்றுதான். வலப்பக்கத்தை வலப்பக்கத்தோடும் இடப்பக்கத்தை இடப்பக்கத்தோடும் ஒப்பிட வேண்டும். இரண்டையும் கலக்கக்கூடாது, வலம் எப்போதும் உயர்ந்துதான் ஒலிக்கும். மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன்னால் கல்லால் தட்டித் தட்டி, விளிம்பைச் சுற்றி எல்லா இடமும் ஒரே சுருதியில் பேசுகிறதா என்று பார்ப்பாரே, அதே வேலை. இழுவிசை அளக்கும் கருவி கடைகளில் கிடைக்கிறது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் காது போதும்.

பாய் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தானே சுற்றி வந்து ஒவ்வொரு கம்பியாக மீட்டினார். பிறகு, "இந்த ரிம்மை வைத்துக்கொண்டு சமமாக முடுக்க முடியாது டீச்சர். புதிதாகக் கட்டிவிடலாம். நாற்பது கம்பி வீல் கட்டிய கை இது" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஒரு சக்கரத்தில் மூன்று நான்கு கம்பிகள் அறுந்துவிட்டால் மிச்சமுள்ளவையும் அதே சோர்வில்தான் இருக்கும். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பது வீண்.

சாமான்களை நான் சென்னையிலிருந்தும் இணையத்திலும் வரவழைத்தேன். எதை, ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் கேட்டு வாங்குபவருக்கு இதுதான் உதவும்.

ரிம் 36 துளை, அலுமினியம், உள்ளே இரண்டு சுவர் கொண்ட பெட்டி அமைப்பு. ஒற்றைச் சுவர் ரிம் விலை மலிவு, ஆனால் அதில் நிப்பிள் இருக்கும் மெல்லிய தகடே ட்யூப் பக்கத்துச் சுவரும் ஆகிவிடுகிறது. 100 கிலோ இழுவிசையை நீண்ட நாள் தாங்குவதற்கு அது உகந்ததல்ல. துளையைச் சுற்றி எஃகு வளையம் பதித்த ரிம் கிடைத்தால் இன்னும் நல்லது. ரிம்முக்கு எவ்வளவு இழுவிசை வரை முடுக்கலாம் என்பதைச் செய்தவர்கள் குறிப்பிட்டிருந்தால் அதை மீறக்கூடாது. பொதுவாகப் பின் சக்கரத்தின் வலப்பக்கத்துக்கு 100 முதல் 120 கிலோ வரை வைப்பார்கள்.

ஹப்பைப் பற்றிக் கனமானவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். என் பழைய ஹப்பில் பல்சக்கரத் தொகுதி மரையில் திருகி ஏற்றிய பிரீவீல். அந்த அமைப்பில், அச்சைத் தாங்கும் குண்டுகள் ஓடும் வலப்பக்க பால்ரஸ், பிரீவீலைத் தாண்டிச் சக்கரத்தின் நடுவை நோக்கி ஒதுங்கிவிடுகிறது. அச்சின் வலது முனை தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும். அதன்மேல் கனம் விழும்போது அச்சு வளையும், சில நேரம் ஒடியும். பாய் பிரித்துப் பார்த்தபோது என் அச்சும் வளைந்திருந்தது. பல்சக்கரத் தொகுதியை மரையில் திருகாமல் செருகி ஏற்றும் கேசட் வகை ஹப்பில் வலப்பக்க பால்ரஸ் சட்டத்துக்கு அருகே, வெளி ஓரத்தில் உட்காருகிறது. அச்சுக்கு இரண்டு முனையிலும் தாங்கல். ஷிமானோ நிறுவனத்தின் 36 துளை, எட்டு கியர் ஹப் ஒன்றை எடுத்துக்கொண்டேன். என்னிடம் இருந்தது 7 கியர் மாற்றி. அதை மாற்றாமல், 7 கியர் கேசட்டுக்குப் பின்னால் 4.5 மில்லிமீட்டர் வளையம் ஒன்றை இட்டால் எட்டு கியர் ஹப்பில் சரியாக உட்கார்ந்துவிடுகிறது.

கம்பி துருப்பிடிக்காத எஃகு, நிப்பிள் பித்தளை. அலுமினிய நிப்பிள் எடை குறைவு, ஆனால் நமக்கு அந்தச் சில கிராமால் எந்த லாபமும் இல்லை. காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டினால் அது துருப்பிடிக்காத எஃகு அல்ல என்று சிலர் சொல்வார்கள். குளிர்நிலையில் இழுத்து நீட்டிய கம்பியில் அந்த எஃகுக்கும் கொஞ்சம் காந்தத்தன்மை வந்துவிடுகிறது, அதனால் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். வலப்பக்கத்துக்கு முழு நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. இடப்பக்கத்துக்கு முனைகள் 2 மில்லிமீட்டர், நடுப்பகுதி 1.8 மில்லிமீட்டர். கனமானவருக்கு மெல்லிய கம்பியா என்று பாயே தயங்கினார். நடுவில் மெலிந்த கம்பி அதே இழுவிசையில் சற்றுக் கூடுதலாக நீள்கிறது. அதனால் ரிம் கொஞ்சம் அமுங்கும்போது முழுவதும் தளர்ந்துவிடாமல் இழுவையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீளும் தன்மையால் கழுத்துக்குப் போகும் அதிர்ச்சியும் குறைகிறது. தளர்வுக்கு ஆளாகும் இடப்பக்கத்தில் அதுதான் தேவை.

பாய் கட்டிய விதத்தை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கம்பியும் ஹப்பிலிருந்து ரிம்முக்குப் போகும் வழியில் மூன்று கம்பிகளைக் கடக்கிறது. மூன்றாவதை மட்டும் அடியில் நுழைந்து அணைத்துக்கொண்டு போகிறது. இப்படித் தட்டின் விளிம்பைத் தொட்டுச் செல்லும் கம்பிப் பின்னலுக்கு இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை பெற்றார். மிதிக்கும் விசையை ஹப்பிலிருந்து ரிம்முக்குக் கடத்துவதற்கு இந்தச் சாய்வுதான் கை கொடுக்கிறது. ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் கும்பகோணத்துச் சந்தையில் ஒருவர் ஏட்டைப் பார்க்காமல் அதே பின்னலைப் போடுகிறார்.

மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எல்லா நிப்பிளையும் ஒரே அளவு ஏற்றி, பிறகு சுற்றுச் சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். முதலில் மேடு பள்ளம், அடுத்து பக்கவாட்டுக் கோட்டம், அடுத்து ரிம் அச்சுக்கு நடுவில் நிற்கிறதா என்பது. சக்கரத்தைத் திருப்பி மாட்டிப் பார்த்தாலே நடு தெரிந்துவிடும். நான் கேட்டுக்கொண்டதெல்லாம் ஒவ்வொரு கட்டத்திலும் மீட்டிப் பார்க்கும்படிதான். அவருக்கு அது பிடித்துப் போய்விட்டது. சுருதி விலகிய கம்பியைக் காதால் கண்டுபிடித்து, அதையும் அதன் இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் சேர்த்துச் சரிசெய்வார். கோட்டம் மாறாது, சுருதி மட்டும் கூடிவரும்.

கடைசியில் ஒரு வேலை உண்டு. பல கடைகளில் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரே பக்கத்தில் இணையாக ஓடும் இரண்டு கம்பிகளைக் கைக்குள் சேர்த்து நன்றாக அழுத்திப் பிழிய வேண்டும். சக்கரம் முழுவதும் இப்படிச் சுற்றி வர வேண்டும். முடுக்கும்போது முறுகி நின்ற கம்பிகள் 'டிக், டிக்' என்று திரும்பிக்கொள்ளும். கழுத்து ஹப் தட்டில் சரியாகப் பதியும். வளைக்கும்போதே உலோகத்துக்குள் தங்கிவிட்ட தகைவும் அடங்கும். அதற்குப் பிறகு கொஞ்சம் கோட்டம் வரும், திரும்ப எடுக்க வேண்டும். கோட்டம் வராத வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இந்த வேலையைச் செய்யாத புதுச் சக்கரத்துக்கு இதை நீங்கள் சாலையில் செய்வீர்கள். கம்பி முறுக்கவிழும் சத்தம் உங்கள் அடியில் கேட்கும்.

செலவு, சாதாரணச் சைக்கிள் ஒன்று புதிதாக வாங்கும் அளவுக்கு வந்தது. பாயின் கூலி அதில் மிகச் சிறிய பங்கு. நான் கூடுதலாகக் கொடுத்தபோது முதலில் மறுத்தார். ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை இது. பெண்டு எடுப்பதற்கான சில்லறையைக் கொடுத்துவிட்டு இந்தத் தரத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வாடகைச் சைக்கிள் போனது, கறுப்புச் சைக்கிள் குறைந்தது, இந்தக் கை வேலைக்கும் கூலி இல்லையென்றால் அடுத்த தலைமுறையில் சக்கரம் கட்டத் தெரிந்தவர் நம் ஊர்களில் இருக்க மாட்டார்.

டயரையும் அகலமாக்கினேன். 35 மில்லிமீட்டரிலிருந்து 42. சட்டத்திலும் பிரேக்கிலும் இடிக்காமல் எவ்வளவு அகலம் போகுமோ அவ்வளவு போடுவது நம்மைப் போன்றவர்களுக்கு நல்லது, ஏனென்றால் பள்ளத்தின் அடியை ரிம்முக்கு முன்னால் காற்று வாங்கிக்கொள்கிறது. பின் டயரில் 60 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைக்கிறேன்; டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டுவதில்லை. வேகத்தடையில் இருக்கையைவிட்டுச் சற்று எழுந்து, மிதிகள் மேல் நிற்கிறேன். புதுச் சைக்கிள் வாங்கப்போகிறவர்கள் கையேட்டில் சுமை எல்லையைப் பாருங்கள். சில நிறுவனங்கள் ஓட்டுபவரின் எடையை மட்டும் சொல்கின்றன, சில நிறுவனங்கள் சைக்கிள், பை எல்லாம் சேர்த்த மொத்தத்தைச் சொல்கின்றன, இரண்டும் ஒன்றல்ல.

ஐப்பசி மழையில் சாலையெல்லாம் குழியாகிக் கிடந்தபோதும் புதுச் சக்கரத்தில் ஒரு கம்பிகூடப் போகவில்லை. கட்டிய புதிதில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஒருமுறை பாயிடம் காட்டினேன். இடப்பக்கத்தில் இரண்டு நிப்பிள் கால் சுற்று வாங்கின, அவ்வளவுதான். இப்போது டயருக்குக் காற்றடிக்கும்போதெல்லாம் நானே மீட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

முன் சக்கரத்தை மாற்றவில்லை. அது கம்பெனியில் வந்த 32 கம்பிச் சக்கரம்தான். பல்சக்கரம் இல்லாததால் இரு பக்கமும் சமமாக இழுக்கிறது, விழும் கனமும் குறைவு. பாய் அதையும் கழற்றி, தளர்ந்திருந்த கம்பிகளை ஒரே சுருதிக்கு ஏற்றி, பிழிந்து, கோட்டம் எடுத்துக் கொடுத்தார். அதற்கு அது போதும். பின் சக்கரத்துக்கான மாற்றுக் கம்பிகள், வலத்துக்கு இரண்டும் இடத்துக்கு இரண்டும், சட்டத்தின் கீழ்க் குழாயில் ஒட்டி வைத்திருக்கிறேன். வலப்பக்கக் கம்பி இடப்பக்கத்தைவிட 2 மில்லிமீட்டர் குட்டை என்பதால் எது எந்தப் பக்கம் என்று ஒட்டுநாடாவிலேயே எழுதியும் வைத்திருக்கிறேன். வலப்பக்கக் கம்பி போட கேசட்டைக் கழற்ற வேண்டும். அதற்கான சாவி வெளியூர்க் கடைகளில் பெரும்பாலும் இருக்காது, அதை மட்டும் மறக்காமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.